தீவுகளுக்குப் பாய்மரத்தில் புறப்படும் சுந்தரத்துக்கு



வருகிற ஆகஸ்டு மாதத்தில் நீயும் உன் சிநேகிதர்கள் ஐவரும் ஏதென்ஸ் நகரிலே ஒரு பாய்மரப் படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, கிரேக்க தேசத்துத் தீவுகளைச் சுற்றிவரப் போவதாக எழுதிய கடிதம் கிடைத்தது. படகு செலுத்தும் உரிமம் உங்களில் ஒருவருக்கே உண்டு என்றும், இன்னொருவர் அவரோடு சென்று ஓரளவு பழகியவர் என்றும், நீ உட்பட மற்ற நால்வரும் இதுவரை பாய்க்கயிற்றைத் தொட்டதே இல்லை என்றும் குறிப்பிட்டிருந்தாய். வாலிபப் பருவத்தில் பிரியமான சிநேகிதர்களோடு காற்றின் துணையால் கடலைக் கடப்பது எத்தகைய ஆனந்தம் என்பதை, ஆயுளின் பெரும்பகுதியைக் கப்பல் உத்தியோகத்திலே கழித்த நான் நன்கு அறிவேன். ஆகவே நீ போய்வர வேண்டும் என்றே விரும்புகிறேன். நான் சொல்ல நினைப்பது முக்கியமாக ஒன்றுதான். எதை எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைக் கரையில் இருக்கும்போதே எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கடலுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாதீர்கள்.

முதலாவதாக விட்டுக்கொடுக்க வேண்டியது நீங்கள் வகுத்திருக்கும் பாதை. மிக்கோனோஸ், பாரோஸ், சாந்தோரினி என்று நீ எழுதியிருக்கும் வரிசை படத்தில் பார்ப்பதற்கு மனோகரமானதுதான். ஆனால் ஏதென்ஸிலிருந்து சாந்தோரினிக்கு 100 கடல் மைலுக்கு மேலாகிறது. உங்கள் படகோ மணிக்கு 5 அல்லது 6 கடல் மைல் போவதே நல்ல வேகம். தூரத்தைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது காற்று. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஈஜியன் கடலின்மேல் மெல்தெமி என்னும் வாடைக்காற்று வீசும். பால்கன் பிரதேசத்தின்மேல் நிற்கும் உயர் அழுத்தத்துக்கும், துருக்கியின்மேல் படிந்திருக்கும் தாழ்வழுத்தத்துக்கும் நடுவே பிறப்பது அது. அந்தத் தாழ்வழுத்தமோ, நமக்குத் தென்மேற்குப் பருவமழையைக் கொண்டுவருகிற ஆசியப் பெருந்தாழ்வோடு தொடர்புடையது. அரிஸ்டாட்டில் காலத்திலேயே ஆராயப்பட்ட இந்தக் காற்று, மேகமே இல்லாத நீல வானத்தின்கீழ், காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 7, சமயத்தில் 8 என்னும் உக்கிரத்தோடு, நாள் கணக்காக ஓயாமல் அடிக்கக் கூடியது. வானம் தெளிந்திருக்கிறதே என்று புறப்படுகிறவர்கள் இதனால்தான் ஏமாந்து போகிறார்கள்.

தெற்கே இறங்கும்போது முதுகுப்புறமாக வந்து உல்லாசமாய்த் தள்ளிக்கொண்டு போகிற அதே காற்று, திரும்பும்போது முகத்துக்கு நேரே நிற்கும். காற்றுக்கு நேரெதிரே எந்தப் பாய்மரமும் செல்லாதாகையால், இப்படியும் அப்படியுமாக வளைந்து வளைந்து ஏற வேண்டும், அலைகளோ அடிக்கு அடி படகைத் தடுத்துக்கொண்டிருக்கும். வாடகைப் படகை வழக்கமாகச் சனிக்கிழமை வாங்கிக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து விட வேண்டும். அந்தக் கெடுவுக்குப் பயந்துகொண்டு, புறப்படத் தகாத காற்றிலே புறப்படுவதுதான் புதியவர்களை ஆபத்துக்கு உள்ளாக்குகிறது.

ஆகையால் இந்த முறை ஏதென்ஸை அடுத்த சாரோனிக் வளைகுடாவுக்குள்ளேயே இருங்கள். ஏதென்ஸ் அமைந்திருக்கும் அட்டிக்கா நிலப்பகுதி வடகாற்றை ஓரளவு தாங்கிக்கொள்வதால், அங்கே கடல் பெரும்பாலும் சாந்தமாயிருக்கும். ஏதென்ஸின் அலிமோஸ் துறையிலிருந்து ஏகினாத் தீவு மூன்று அல்லது நான்கு மணி நேரப் பிரயாணம். போகும் வழியில் வலப்புறம் தெரிகிற சலாமிஸ் தீவின் அருகேதான் கி.மு. 480-ல் பாரசீகரின் பெருங்கடற்படை தோல்வியுற்றது. ஏகினாவில் பிஸ்தா தோட்டங்களையும், குன்றின்மேல் ஏறக்குறைய 2,500 ஆண்டுகளாக நிற்கும் அஃபாயா தேவியின் ஆலயத்தையும் பார்க்கலாம். அதற்கப்பால் போரோஸ்; டெமாஸ்தனிஸ் என்னும் பிரசங்க சிம்மம் பகைவர் கையில் அகப்பட மனமின்றிக் கி.மு. 322-ல் விஷம் அருந்தி உயிர் நீத்தது அத்தீவின் கடல்தேவன் கோயிலிலேதான். இன்னும் தெற்கே ஹைட்ரா; மோட்டார் வண்டிகளுக்கு அநுமதி இல்லாத அவ்வூரில் இன்றைக்கும் கழுதைகளும் கோவேறு கழுதைகளுமே மூட்டைகளைச் சுமக்கின்றன. ஒரு வாரத்துக்கு இவை தாராளமாகப் போதும். காற்று பலத்தால் ஒரு நாள் முழுவதும் துறையிலேயே தங்கிவிடவும் அவகாசம் இருக்கும். அந்த அவகாசத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

இரண்டாவதாக விட்டுக்கொடுக்க வேண்டியது சொந்த அபிப்பிராயம். கரையிலே நீங்கள் அறுவரும் சமானமானவர்கள். படகிலே உரிமம் பெற்றவரே தலைவர். பாயைச் சுருக்கு என்று அவர் சொன்னால் சுருக்க வேண்டும். இன்று புறப்பட வேண்டாம் என்றால் நிற்க வேண்டும். விவாதமெல்லாம் நங்கூரம் போட்ட பிறகுதான். காற்று கூடுகிறதோ என்ற சந்தேகம் எழும்போதே பாயைச் சுருக்கிவிடுவது பழைய மாலுமிகளின் நியதி. அவர் தயங்கும் நேரத்தில், இன்னும் கொஞ்சம் போகலாமே என்று சிநேக உரிமையில் நீங்கள் யாரும் வற்புறுத்தலாகாது. அன்புள்ளவர்களின் வற்புறுத்தலுக்கு இணங்காமல் இருப்பது தலைவனுக்கு மிகவும் கடினம்.

உனக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. பெரிய பாயின் அடியிலே பூம் என்னும் கனத்த கம்பம் நீண்டிருக்கும். பின்காற்றில் போகும்போது அது முன்னறிவிப்பின்றி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பாய்ந்து தலையைத் தாக்கிவிடலாம் என்பதால், அது வீசும் வட்டத்துக்குள் நிமிர்ந்து நிற்காதே. கயிற்றை இறுக்கும் உருளையில் வலஞ்சுழியாகச் சுற்றும்போது விரல்களை உருளையிலிருந்து விலக்கியே பிடித்துக்கொள். தளர்த்துகையில் ஒரு கையின் உள்ளங்கையைச் சுற்றுகளின்மேல் பதித்து, மறு கையால் சிறிது சிறிதாக விடு. பாரம் ஏறிய கயிற்றுக்கும் உருளைக்கும் நடுவே அகப்பட்ட விரல் மீளுவது அரிது. உயிர்காப்புச் சட்டையைக் காற்று வலுத்த பிறகு தேடாதே. புறப்படும்போதே உடம்புக்குப் பொருந்தக் கட்டிப் பழகிக்கொள். எவரேனும் நீரில் விழுந்தால் உடனே உரக்கக் கூவி, மிதவையை எறியுங்கள். ஒருவர் அவரைச் சுட்டிக் கை நீட்டியபடி, வேறு எந்த வேலையும் செய்யாமல், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அலை நடுவே ஒரு மனிதத் தலை கண்ணுக்கு மறைந்துவிட எவ்வளவு சொற்ப நேரம் போதும் என்பதை அறியாதவர்கள் இதை அலட்சியம் செய்வார்கள்.

அந்தப் பக்கத்துத் துறைகளில் நங்கூரத்தைத் தூரத்திலேயே போட்டுவிட்டுப் பின்னோக்கி வந்து, படகின் பின்புறத்தைக் கரையோடு கட்டுவது வழக்கம். 5 மீட்டர் ஆழமானால் 25 மீட்டர் சங்கிலியாவது கிடக்க வேண்டும்; மணலில் நங்கூரம் நன்றாகப் பிடிக்கும், கடற்புல்லில் வழுக்கும். கரை நெருங்குகையில் காலையோ கையையோ கொடுத்துப் படகைத் தடுக்க ஒருபோதும் முயலாதே. பல டன் எடையுள்ள அதற்கு உன் எலும்பு எம்மாத்திரம்? அதற்கென்றே பக்கவாட்டில் தொங்கும் ரப்பர்ப் பந்துகள் தாங்கிக்கொள்ளும். நெருக்கடி மிகுந்த ஹைட்ராவில் அடுத்தவர் சங்கிலிமேல் உங்கள் சங்கிலி விழுந்து சிக்கிக்கொள்வது சகஜம். அதற்காகக் கோபிப்பதில் பயனில்லை, பொறுமையாகப் பிரித்தெடுக்க வேண்டியதுதான்.

மூன்றாவதாக விட்டுக்கொடுக்க வேண்டியது சௌகரியம். ஆறு பேர் ஒரு படகில் வசிப்பது ஒரே அறையில் ஒரு குடும்பம் குடித்தனம் நடத்துவதைப் போன்றது. மடக்கி வைக்கத்தக்க துணிப்பையே கொண்டுபோ. கனத்த பெட்டியை வைக்க இடமிராது. தண்ணீர்த் தொட்டி சிறியது. நீ நின்றுகொண்டு நிதானமாகக் குளித்தால், மற்றவருக்கு முகம் கழுவ நீர் இராது. கழிப்பறைக் குழாய் குறுகலானது. காகிதத்தைத் தனிக் கூடையில்தான் போட வேண்டும். உணவு, எரிபொருள், துறைமுகக் கட்டணம் ஆகியவற்றுக்குப் பொதுப்பணம் ஒன்று சேர்த்து, முதல் நாளே ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்; சமையலையும் துலக்கும் வேலையையும் முறை வைத்துச் செய்யுங்கள். அலைநோய் உனக்கும் வரலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. மாத்திரையைப் புறப்படுமுன்பே சாப்பிட்டுவிட்டு, மேல்தளத்தில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிரு. இஞ்சித் துண்டும் நல்லதே. அந்த நேரத்தில் ஒரு சிநேகிதன் உனக்காகக் கயிறு பிடிப்பான். மறுநாள் அவனுக்காக நீ பிடி.

படகில் ஏறும் முதல் மாலையிலேயே, துறையை விட்டு நகருமுன், அறுவரும் ஒருசேர உட்கார்ந்து மூன்று விஷயங்களைத் தீர்மானியுங்கள்: தலைவர் சொல்லே முடிவு என்பது, எந்தக் காற்றுக்கு மேல் புறப்படுவதில்லை, நேரம் போதாவிட்டால் எந்தத் தீவை விடுவது. இவை முன்னமே முடிவாகிவிட்டால், பாய் விரிந்தபின் ஒருவர்மேல் ஒருவர் குறைசொல்ல இடமில்லாமல், காற்றையும் கடலையும் சிநேகிதர்களையும் பூரணமாக அநுபவிக்கலாம். இந்தக் கடிதத்தை அவர்களுக்கும் வாசித்துக் காட்டு. உன் தாயாரிடம் நான் சமாதானம் சொல்லிவிட்டேன். நீங்கள் எந்தப் பாதையை முடிவு செய்தீர்கள் என்பதை மட்டும் புறப்படுமுன் எனக்குத் தெரிவி.

சகல க்ஷேமமும் உண்டாகுக.

உன் அன்புள்ள
பெரியப்பா