கடற்கரை மேடைக்கு எந்த மைக்?

மாமல்லபுரத்தில் ஆண்டுதோறும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தமிழ்நாடு சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழாவை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். கடற்கரைக் கோயிலருகே திறந்தவெளி மேடை; அப்பால் கடல். ஆடுபவரை விட்டுவிட்டு, பக்கத்தில் அமர்ந்திருப்பவர்களைச் சற்றுக் கவனியுங்கள். நட்டுவாங்கம் செய்பவர், பாடகர், மிருதங்கக் கலைஞர், குழல் வாசிப்பவர் என்று ஒவ்வொருவர் முன்னும் ஒரு மைக் இருக்கும்.

இந்தப் பாடகர் செங்கல்பட்டுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். விழா முடிந்து, திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பயணம் செய்து வீடு திரும்புகிறார். மறுநாள் தம் அறையில் அதே பாட்டைப் பதிவு செய்ய விரும்புகிறார். மேடையில் பாடிய அதே மைக் போதுமா? கடைக்காரரைக் கேட்டால் விலைப்பட்டியலை நீட்டுவார். இயற்பியலைக் கேட்டாலோ, அது நம்மையே ஒரு கேள்வி கேட்கும்: பாடகரின் குரலைத் தவிர அந்த மைக்கின் மீது வேறு என்னென்ன ஒலிகள் வந்து விழுகின்றன?

முதலில் மைக் வேலை செய்யும் முறையைப் பார்ப்போம். கடைகளில் டைனமிக் மைக் என்று கேட்டு வாங்குவது இயங்குசுருள் ஒலிவாங்கியாகும். மெல்லிய சவ்வு ஒன்றில் சிறு கம்பிச்சுருள் ஒட்டப்பட்டிருக்கும். ஒலி பட்டுச் சவ்வு அதிரும்போது, சுருள் காந்தப்புலத்தில் முன்னும் பின்னும் அசையும். சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல் விதிதான், வேறொன்றுமில்லை.

கண்டென்சர் மைக் வேறு வகை. இதில் சவ்வே மின்தேக்கியின் ஒரு தகடு. அது அதிரும்போது தகடுகளுக்கு இடையேயுள்ள தொலைவும், அதனால் மின்தேக்குத் திறனும் மாறுகின்றன. 1916-இல் அமெரிக்காவில் வென்டே என்பவர் இதை உருவாக்கினார். தகடுகளுக்கு மின்னூட்டம் தர வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். இன்று பெரும்பாலும் மைக் கம்பி வழியாகவே 48 வோல்ட்டு அனுப்புகிறார்கள். 1962-இல் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்டு செஸ்லர் இருவரும் மின்னூட்டத்தை நிலையாக வைத்திருக்கும் மெல்லிய படலத்தைக் கொண்டு 'எலெக்ட்ரெட்' மைக்கைச் செய்தனர். சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு மைக்குகள் பெரும்பாலும் இந்த இனமே.

சுருளைச் சுமக்காத சவ்வு எடை குறைந்தது. ஆகவே சலங்கை, தாளம் போன்றவற்றின் உயர்ந்த அதிர்வெண்களுக்கும் அது எளிதில் ஈடுகொடுக்கும். அப்படியானால் எல்லா இடத்துக்கும் கண்டென்சரே சிறந்ததா? பொறுங்கள்.

மேடையின் பெரிய எதிரி ஊளை. பள்ளி ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் பேசத் தொடங்கியதும் 'கூ...' என்று காதைத் துளைக்குமே, அதுதான். மைக்கில் நுழைந்த ஒலி பெருக்கி வழியே ஒலிபெருக்கிக்குப் போகிறது. அங்கிருந்து காற்றின் வழியே மீண்டும் மைக்கிற்கு வருகிறது. இந்தச் சுற்றுவழி 3.4 மீட்டர் என்று கொள்வோம். ஒலியின் திசைவேகம் நொடிக்கு 340 மீட்டர். எனவே ஒரு நொடியில் 100 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஓர் அதிர்வெண் 1.1 மடங்காகப் பெருகினால், 100 சுற்றில் அது 13,000 மடங்கைத் தாண்டிவிடும்! பெருக்கியின் வலிமை தீரும்வரை ஊளை வளரும். அதே எண் 0.9 ஆக இருந்தால் ஒலி தானே தேய்ந்து மறைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளிதான். மைக்செட்காரர் இரவு முழுவதும் அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கண்டென்சர் என்றாலே ஊளையிடும் என்று சிலர் சொல்வார்கள். அது சரியன்று. ஊளையைத் தீர்மானிப்பவை தொலைவும் திசையும்.

தொலைவை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்து பார்த்திருக்கிறீர்களா? மைக் வருவதற்கு முன் கூத்துக் கலைஞர்கள் உச்சக் குரலில், முகவீணையின் துணையுடன், விடிய விடியப் பாடினார்கள். நாடக மேடையில் 1933-இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பா புகழ் பெற்றதும் இத்தகைய குரலால்தான். பின்னர் மேடைக்கு மேலே மைக்கைத் தொங்கவிடும் வழக்கம் வந்தது. வாய்க்கும் அந்த மைக்கிற்கும் ஒரு மீட்டர் இருந்தால், 5 சென்டிமீட்டரில் பிடித்த மைக்கோடு ஒப்பிட 20 மடங்கு தொலைவு. ஒலியழுத்தம் இருபதில் ஒரு பங்காகிறது. அதாவது 26 டெசிபல் இழப்பு. அதை ஈடுகட்டப் பெருக்கியைத் திருகினால் ஊளை வந்து நிற்கும். வசனம் பேசுகிறவர் மைக்குக்கு நேர் கீழே வந்து நிற்பது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

திசையும் இதே அளவு முக்கியம். எல்லாத் திசையிலிருந்தும் சமமாகக் கேட்கும் மைக் உண்டு. முன்னால் நன்றாகவும் பின்னால் மிகக் குறைவாகவும் கேட்கும் 'இதய வடிவ' மைக்கும் உண்டு. 1939-இல் ஷூர் நிறுவனத்தின் பெஞ்சமின் பாவர், ஒரே சவ்வைக் கொண்டே இந்த வித்தையைச் செய்து காட்டினார். சவ்வின் பின்புறமும் காற்றுக்குத் திறப்புகள் வைத்தார். பின்னாலிருந்து வரும் ஒலி, சவ்வின் முன்பக்கத்துக்குச் சுற்றிப் போகவும், திறப்பின் வழியே பின்பக்கத்துக்குப் போகவும் ஒரே நேரம் ஆகும்படி அமைத்தார். இருபுறமும் ஒரே அழுத்தம், சவ்வு அசைவதில்லை.

ஆகவே, பாடகர் தம் குரலைக் கேட்பதற்கென வைக்கும் சிறு ஒலிபெருக்கி இதய வடிவ மைக்கின் நேர் பின்னால் இருக்க வேண்டும். இன்னொன்று: ஊளை வந்தவுடன் பலர் பதறி மைக்கின் தலையைக் கையால் பொத்துகிறார்கள். பின் திறப்புகள் அடைபடும். மைக் எல்லாத் திசையும் கேட்கத் தொடங்கும். ஊளை இன்னும் கூடும். பொத்தாதீர்கள், ஒலிபெருக்கியை விட்டு விலகி நில்லுங்கள்.

இனி மாமல்லபுரத்துக்கு வருவோம். மார்கழியில் வாடைக்காற்று வீசும். காற்று என்பது ஒலியன்று; ஆனாலும் சவ்வைத் தள்ளும்போது 'குபு குபு' என்று இடிக்கும். 'ப' என்னும் எழுத்தை உரக்கச் சொல்லும்போது வாயிலிருந்து தெறிக்கும் மூச்சும் இதையே செய்யும். உள்ளங்கையை வாயருகே வைத்து 'பம்பரம்', 'மலர்' என்று சொல்லிப் பாருங்கள். பஞ்சுறை மாட்டினால் இது குறையும். கடற்காற்றின் ஈரமும் உப்பும் கண்டென்சருக்கு ஆகாது. அதன் மின்னூட்டம் சிறிதளவு கசிந்தாலும் 'பட பட' என்ற இரைச்சல் வரும். இயங்குசுருள் மைக்கிற்கு இந்தத் தொல்லை குறைவு. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும். எனவே கடற்கரையில் பாடகருக்கு என் பரிந்துரை இதய வடிவ டைனமிக் மைக்கே. பக்கத்திலேயே நட்டுவாங்கத் தாளம் ஒலிப்பதால், அது பாடகரின் மைக்குக்குப் பின்புறமாக அமையுமாறு இருக்கைகளை ஒழுங்கு செய்தால் பாதி வேலை முடிந்தது. மிருதங்கத்துக்கு வலந்தலை, தொப்பி இரண்டுக்கும் தனித்தனி மைக் வைப்பது நல்லது. இரு முகங்களும் எதிரெதிர்த் திசையைப் பார்க்கின்றனவே!

செங்கல்பட்டு வீட்டில் ஒலிபெருக்கி இல்லை. எனவே ஊளையும் இல்லை. காற்றும் இல்லை. இங்கே எதிரி அறையேதான். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள காலி அறையின் கன அளவு 36 கனமீட்டர்; சுவர், தரை, கூரை சேர்ந்து 66 சதுரமீட்டர். சிமெண்டுப் பூச்சு தன்மீது விழும் ஒலியில் சுமார் 3 விழுக்காட்டையே உட்கவரும். ஆக மொத்த உட்கவர்ச்சி சுமார் 2. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வாலஸ் சபைன் கண்ட விதிப்படி, எதிர்முழக்க நேரம் 0.16 × 36 ÷ 2, அதாவது 2.9 நொடி. ஒரு சொல் அடங்குவதற்குள் பத்துச் சொல் வந்துவிடும்! சபைன் 1890-களில் நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி அடுக்கித்தான் இதை அளந்தார். நீங்களும் இலவம்பஞ்சு மெத்தை, ஜமக்காளம், கனத்த போர்வை என்று 10 சதுரமீட்டர் அளவுக்குச் சுவரோரம் நிறுத்துங்கள். அவை 60 விழுக்காடு உட்கவர்ந்தால் 2 என்பது 8 ஆகும், எதிர்முழக்கம் 0.72 நொடிக்கு இறங்கும்.

மெத்தை அடுக்கிய, மின்விசிறி நிறுத்திய அறையில்தான் கண்டென்சர் தன் அருமையைக் காட்டும். தம்பூராவின் ஜீவா கூடப் பதிவாகும். மெத்தை அடுக்க வழியில்லை, தெருவில் பேருந்து ஓடுகிறது என்றால், டைனமிக் மைக்கை வாய்க்கு ஒரு சாண் தொலைவுக்குள் வைத்துப் பாடுவதே மேல். ஒரே ஒரு மைக் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றாலும் அதையே வாங்கலாம். மிச்சப் பணத்தில் நல்ல தாங்கியும் கம்பியும் வாங்குங்கள்.

வாங்குமுன் ஒரு சோதனை. கைப்பேசியில் இருப்பது சிலிக்கானில் செய்த, கடுகளவே உள்ள மின்தேக்கி மைக். பொதுவாக எல்லாத் திசையும் கேட்கும். மின்விசிறியை ஓடவிட்டு, கைப்பேசியை 15 சென்டிமீட்டரில் வைத்து நான்கு வரி வாசித்துப் பதிவு செய்யுங்கள். பிறகு 1.5 மீட்டரில் வைத்து அதே நான்கு வரி. பல கைப்பேசிகள் ஒலியளவைத் தாமே கூட்டிவிடும். அதனால் இரண்டாம் பதிவில் குரல் அவ்வளவாகச் சிறுத்திராது, மின்விசிறிதான் பெரிதாகியிருக்கும். இப்போது மெத்தையைச் சுவரோரம் நிறுத்தி மூன்றாம் முறை பதிவு செய்து, மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.