காட்டுதலும் காணுதலும்: போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் காட்சித்திரைகள்

முன்னுரை

தமிழ் இலக்கணம் பயில்வோர் தன்வினையையும் பிறவினையையும் வேறுபடுத்தி அறிவர். ‘காண்’ என்பது தன்வினை. ‘காட்டு’ என்பது அதன் பிறவினை. காட்டுவது ஒருவர் செயல். காண்பது மற்றொருவர் செயல். ஆதலின் காட்டப்பட்டன யாவும் காணப்பட்டன ஆகா. இவ்வேறுபாட்டை மறப்பின் உயிரிழப்பே நேரக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதுவே சாலைப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையாகும். அவ்வறையின் சுவரை நிறைக்கும் காட்சித்திரைகளைப் பற்றி ஈண்டு நாம் ஆராய்வோம்.

அறையின் பணி

அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1984ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுகள் அங்கு நிகழ்ந்தபோது, விளையாட்டரங்கைச் சூழ்ந்த 118 சந்திப்புகளின் விளக்குகளைக் கணிப்பொறி வழியே ஆளும் அமைப்பு நிறுவப்பெற்றது. 2013ஆம் ஆண்டளவில் நகரின் ஏறத்தாழ 4,400 சந்திப்புகளும் அதன் ஆட்சிக்குள் வந்தன.

சாலைப் பரப்பின்கீழ்க் கம்பிச் சுருள்கள் பதிக்கப்பட்டுள்ளன. வாகனம் மேலே வந்ததும் சுருளின் மின்தூண்டல் மாறுபடுகிறது. அம்மாறுபாட்டைக் கொண்டு வாகனங்களின் எண்ணிக்கையையும் வேகத்தையும் கணிப்பொறி அறிந்து, பச்சை விளக்கின் நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. அப்படியாயின் மனிதர்க்கு அங்கு என்ன வேலை என வினவலாம். நெரிசல் உள்ளது என்பதைக் கணிப்பொறி கூறும். அது விபத்தாலா, ஊர்வலத்தாலா, உடைந்த நீர்க்குழாயாலா என்பதைப் பெரும்பாலும் மனிதரே ஒளிப்படக் கருவியின் வழியே கண்டு தெளிய வேண்டும். அவருக்காகவே திரை அமைகிறது.

திரையின் வளர்ச்சி

தொடக்கக் காலக் கட்டுப்பாட்டு அறைகளில் நகர வரைபடம் சுவரில் தீட்டப்பெற்றிருக்கும். சந்திப்புதோறும் சிறு விளக்குகள் எரியும். சாலை புதிதாக அமைந்தால் சுவரையே மாற்ற வேண்டும். பின்னர்த் தொலைக்காட்சிப் பெட்டிகள் அடுக்கடுக்காக வைக்கப்பெற்றன. அவை எடை மிக்கவை. ஒரே வரைபடத்தை இரவும் பகலும் காட்டியதால் அதன் தழும்பு கண்ணாடியில் நிலையாகப் பதிந்துவிடுவதும் உண்டு.

அடுத்து வந்தது, பின்னிருந்து ஒளிவீசும் பெட்டித்திரை. 1987ஆம் ஆண்டு லாரி ஹார்ன்பெக் என்னும் அறிவியலாளர் கண்ட நுண்ணாடிச் சில்லின் பயனாக இத்திரை மேம்பட்டது. எண்ணற்ற சிறு கண்ணாடிகள் ஒளியைத் திருப்பிப் படத்தை ஆக்கும் முறை அது. எனினும் உள்ளே எரியும் விளக்குகள் ஒரே சீராக மங்குவதில்லை. ஒரு பெட்டியின் சிவப்பும் அடுத்ததன் சிவப்பும் வேறுபடும். எல்.சி.டி. பலகைகள் மெல்லியவை, ஆனால் இரு பலகைகள் கூடும் இடத்தில் கறுப்புக் கோடு விழும். இக்காலத்து எல்.இ.டி. சுவரில் அக்கோடும் இல்லை. அதன் ஒளிப்புள்ளிகள் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்தால், ஏறத்தாழ மூன்றரை மீட்டருக்கு அப்பால் அமர்ந்த கண்ணுக்கு அவை தனித்தனியே தோன்றா.

கண்ணின் எல்லை

திரை இவ்வாறு வளர்ந்தது; கண்ணோ வளரவில்லை. நார்மன் மக்வொர்த் என்னும் ஆங்கில உளவியலாளர் 1948ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஈண்டு நினையத்தக்கது. ஒரு முள் சிறுசிறு அடியாக நகர்ந்துகொண்டிருக்கும். எப்போதேனும் ஒருமுறை இரண்டடி தாவும். அத்தாவலைக் கண்டு தெரிவிப்பதே அமர்ந்திருப்பவர் பணி. முதல் அரைமணி கடந்ததுமே அவர்கள் தவறவிட்டவை மிகுந்தன. சோம்பலால் அன்று, அரிதாக நிகழ்வதை இடைவிடாது எதிர்நோக்கியிருத்தல் மனித இயல்புக்கு ஏலாதது என்பதால்.

நூறு படங்கள் ஓடும் சுவரைக் காவல் காப்பவர் நிலையும் இதுவே. ஓடுதடத்தில் பழுதுற்று நின்ற ஒரு வாகனம் அச்சுவரின் மூலையில் தெளிவாகத் தெரிந்துகொண்டிருக்கலாம். காண்பார் இல்லையெனின், பின்வரும் வாகனம் மோதும் வரை அது வெறும் படமே.

ஆகவே நல்ல கட்டுப்பாட்டு அறை அனைத்தையும் எப்போதும் காட்ட முற்படுவதில்லை. இயல்பான சாலைகள் அடங்கிய நிறத்தில் கிடக்க, உணர்கருவி ஐயுற்ற இடத்தின் படம் மட்டும் தானே முன்வரும்படி அமைக்கின்றனர். ஆறு மீட்டர் தொலைவிலிருந்து படிக்க வேண்டிய எழுத்து, ஏறத்தாழ 3 செ.மீ. உயரமேனும் இருத்தல் வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத ஆடவர் சிலர் எங்கும் உளராதலின், நிறத்தோடு வடிவத்தாலும் எச்சரிக்கை தரப்பெறும். இரவில் சுவரின் ஒளி கண்ணைக் கூசச் செய்யாதவாறு தணிக்கப்பெறும். கட்டுப்பாட்டு மையங்களின் அமைப்புக்கென ஐ.எஸ்.ஓ. 11064 என்னும் பன்னாட்டுத் தரநெறியே உள்ளது. அதன் ஐந்தாம் பகுதி காட்சித்திரைகளையும் இயக்குகருவிகளையும் பற்றியதாகும்.

முடிவுரை

பெரிய சுவர் காண வருவோரை வியக்கச் செய்யும். நாளிதழ்ப் படத்திற்கும் அழகு சேர்க்கும். ஆயினும் அதன் அகலத்தைக் கொண்டு ஒரு நகரின் சாலைப் பாதுகாப்பை அளத்தல் பிழையாகும். அதன்முன் அமர்பவர்க்கு எத்தனை மணிக்கு ஒருமுறை ஓய்வு கிடைக்கிறது, ஒருவர் எத்தனை படங்களுக்குப் பொறுப்பாகிறார், எச்சரிக்கை எழுந்தபின் உதவி புறப்பட எவ்வளவு நேரமாகிறது என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். திரைக்கெனப் பெருந்தொகை ஒதுக்கும் நகராட்சிகள், காண்பவர்க்கெனவும் ஒரு பங்கை ஒதுக்குதல் கடமையாகும். பிறவினைக்குச் செலவிட்டுத் தன்வினையை மறந்தால் அச்செலவு வீணே என்பது நம் துணிபு.