எண்மர் சான்று

ஆனைமலையின் அடிவாரத்தில் தென்னந்தோப்புகள் சூழ அமைந்த ஊர் பொள்ளாச்சி. கொங்கு நாட்டின் பெருஞ்சந்தைகளுள் ஒன்று அங்குக் கூடுகின்றது. கால்நடையும் வெல்லமும் இளநீரும் அங்கிருந்து தொலைவிடங்களுக்குச் செல்கின்றன. சந்தையால் பெயர் பெற்றிருந்த அவ்வூர், 2019ஆம் ஆண்டில் ஒரு வழக்கினால் நாடெங்கும் பேசப்படுவதாயிற்று.

அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் கல்லூரி மாணவி ஒருவர் காவல் நிலையத்தில் முறையிட்டார். பழகிய இளைஞன் ஒருவன் பேச வேண்டுமென்று அழைக்க, அவர் அவனுடன் காரில் ஏறினார். வழியில் வேறு சிலரும் ஏறிக்கொண்டனர். அவர்கள் அவரை மானபங்கம் செய்து, அதனைக் கைபேசியிற் படம்பிடித்து, கழுத்திலிருந்த பொற்சங்கிலியையும் பறித்துக்கொண்டு இறக்கிவிட்டனர். விசாரணை தொடங்கிய பின்னரே, இது ஒரு நாளில் நேர்ந்த கொடுமையன்று என்பது புலப்பட்டது. 2016 முதற்கொண்டே அக்கூட்டத்தார் பெண்கள் பலரை இவ்வாறே வஞ்சித்து வந்திருந்தனர்.

அவர்கள் கையாண்ட முறை எளியது. எளியதாக இருந்தமையாலேயே பலகாலம் பலித்தது. முதலில் இணையத்தின் வாயிலாக நட்பு, பின்பு அன்புமொழி, பின்பு தனியிடத்திற்கு அழைப்பு. அங்கு வன்முறை நிகழும், அது படமாக்கப்படும். ‘சொன்னபடி கேளாவிடில் இப்படம் உன் வீட்டாருக்குச் செல்லும், ஊருக்குச் செல்லும்’ என்ற மிரட்டல் அதனைத் தொடரும். கத்தியோ கயிறோ அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ‘வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும்?’ என்று அப்பெண்கள் கொண்ட அச்சம் ஒன்றே அவர்களுக்குப் போதிய படைக்கலமாக இருந்தது.

இவ்விடத்தில் பெற்றோரும் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இத்தகைய செய்தி வெளிவந்தவுடன் மகளின் கைபேசியை வாங்கி வைப்பதும், படிப்பை நிறுத்துவதும், விரைந்து மணம் முடிப்பதுமே காப்பு என்று கருதுவோர் உளர். அது காப்பன்று. தன் வீட்டையே அஞ்சுகின்ற பெண் மிரட்டுபவனுக்கு மேலும் அடிமைப்படுகின்றாள். பொள்ளாச்சி மாணவியோ நிகழ்ந்ததைத் தம் வீட்டாரிடம் சொன்னார். வீட்டார் அவரைப் பழிக்கவில்லை. அவருடன் காவல் நிலையத்திற்குச் சென்றனர். அந்த ஒரு செயலே ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடந்ததை வெளிக்கொணர்ந்தது.

ஆயினும் அவர்கள் சென்ற வழி இனிய வழியன்று. முறையீட்டிற்குப் பின் அப்பெண்ணின் தமையன் தாக்கப்பட்டார். காக்க வேண்டியவர்களாலேயே அப்பெண்ணின் பெயர் வெளியிடப்பட்டது. வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளிப்படுத்துதல் சட்டப்படி குற்றமாகும். ஆதலின் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2019 மார்ச்சில் ஆணையிட்டது. வழக்கு மாநிலக் குற்றப்பிரிவுக் குற்றப்புலனாய்வுத் துறைக்கும், பின்னர் நடுவண் புலனாய்வுத் துறைக்கும் மாறியது.

கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றத்தில், பிறர் புகாதவாறு கதவடைத்த அறையில் விசாரணை நடைபெற்றது. எட்டுப் பெண்கள் சான்றுரைத்தனர். ஒவ்வொருவரும் தாம் மறக்க விரும்பியதை மறுபடியும் எடுத்துச் சொல்லி, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டியிருந்தது. ஆறு ஆண்டுகள் கடந்தும் அவருள் ஒருவரேனும் சொன்ன சொல்லினின்றும் பிறழவில்லை. குற்றவாளிகள் அழித்துவிட்டதாக எண்ணியிருந்த படப்பதிவுகளை வல்லுநர்கள் கருவிகளிலிருந்து மீட்டெடுத்தனர். மிரட்டுவதற்கென எடுத்த படங்களே எடுத்தவர்களுக்கு எதிர்ச்சான்றாயின. 2025 மே 13ஆம் நாள் ஒன்பது பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவர்களுக்குச் சாகும்வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட எண்மருக்கும் சேர்த்து 85 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் நீதிமன்றம் ஆணையிட்டது.

இத்தகைய கொடுமை தொடக்கத்தில் கொடுமையின் முகத்தோடு வருவதில்லை. அன்பின் முகத்தோடு வருகின்றது. கைபேசியின் கடவுச்சொல்லைக் கேட்பதும், யாருடன் பேசலாம், எதனை உடுத்தலாம் என்று கட்டளையிடுவதும், தோழியரிடமிருந்து மெல்ல மெல்லப் பிரிப்பதும், மறுத்தால் சினந்து பின்பு அழுது மன்னிப்பு வேண்டுவதும் அன்பின் மிகுதிபோல் தோன்றும். அவை ஆளுகையின் தொடக்கமாதல் கூடும். ‘வேண்டா’ என்ற சொல்லைப் பொறுக்காத நட்பினின்றும் விலகுதலே தக்கது. படத்தைக் காட்டி மிரட்டுபவனுக்கு ஒரு முறை பணிந்தால் மிரட்டல் ஓயாது, வளரும். நாணத்தால் மிரட்டற் செய்திகளை உடனே அழித்துவிடத் தோன்றுவது இயல்பே. ஆனால் அவற்றை அழியாது வைத்தல் வழக்கிற்குப் பெரிதும் உதவும். இது மாணவர்க்கும் உரியது: அத்தகைய படம் தம் கைக்கு வரும்போது அதனைப் பிறருக்கு அனுப்புகின்றவனும் குற்றத்திற் பங்குகொள்பவனே.

பதினெட்டு வயது நிரம்பாதவர் பாதிக்கப்பட்டால் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதனை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். சிறுவர் சிறுமியர் 1098 என்னும் எண்ணையும், மகளிர் 181 என்னும் எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.

வன்முறை காரிலும் தோட்டத்திலும் மட்டும் நிகழ்வதன்று. மணம் முடித்துப் புகுந்த வீட்டினுள்ளும் நிகழ்கின்றது. முற்காலத்தில் அதனைக் ‘குடும்பச் சண்டை’ என்று கூறி ஊரார் ஒதுங்கினர். 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடிப்பதை மட்டுமன்றி, இழிசொல்லால் வருத்துவதையும், செலவுக்குப் பணம் தராது வாட்டுவதையும் வன்முறை என்றே கொள்கின்றது. பாதிக்கப்பட்ட பெண் பாதுகாப்பு அலுவலரிடமோ நடுவரிடமோ முறையிடலாம். அவளை நெருங்கலாகாது என்று கணவனுக்குத் தடை விதிக்கவும், அவளை வீட்டைவிட்டு வெளியேற்றலாகாது என்று ஆணையிடவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. வீடு யார் பெயரில் இருப்பினும் அவ்வாணை செல்லும். அன்றியும், அவளே சென்று முறையிட வேண்டும் என்பதில்லை. சுவருக்கு அப்பால் அழுகுரல் கேட்ட அண்டை வீட்டாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நன்னோக்கத்தோடு தெரிவித்தவர்மீது அதன் பொருட்டு வழக்கோ இழப்பீடோ சாராது என்று அச்சட்டத்தின் நான்காம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகின்றது.