பிள்ளைப்பேறும் புவி வெப்பமும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

நம்பிக்கை: பருவநிலைக்குப் பயந்து பிள்ளை வேண்டாம் என்பது மேலைநாட்டு வசதிக்காரர்களின் கவலை.

உண்மை: 2021-ல் 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் வந்த ஆய்வுக்காக, இந்தியா, நைஜீரியா, பிலிப்பைன்ஸ் உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரிடம் கேட்டார்கள். பிள்ளை பெறத் தயக்கமாக இருக்கிறது என்றவர்கள் 39 சதவீதம். தயங்குகிறவர்கள் எல்லோரும் பெறாமலே இருந்துவிடப் போவதில்லை. ஆனாலும் அந்தப் பயத்தைச் சாக்கு என்று பெரியவர்கள் ஒதுக்குவது அநியாயம்.

நம்பிக்கை: பூமியைக் காக்க ஒரு பிள்ளையைக் குறைத்துக்கொள்வதே பெரிய வழி.

உண்மை: ஒரு பிள்ளை குறைந்தால் ஆண்டுக்கு 58.6 டன் கரியமில வாயு மிச்சம் என்று 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வின் கணக்கு உலகெங்கும் பரவியது. பிள்ளையின் உமிழ்வில் பாதி, பேரப்பிள்ளையினுடையதில் கால் பங்கு என்று வரப்போகும் தலைமுறைகளின் புகையையெல்லாம் பெற்றவர் தலையில் ஏற்றிப் போட்ட கணக்கு அது. பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிலக்கரி இப்படியே எரியும் என்று வைத்துக்கொண்டால்தான் இவ்வளவு பெரிய எண் வரும். அதுவும் வளர்ந்த நாடுகளுக்கானது. அமெரிக்கர் ஒருவரின் உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 14 டன், இந்தியருடையது சுமார் 2 டன். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள்தான் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. இங்கே பெண்களைப் பார்த்து, 'குறைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது.

நம்பிக்கை: பெறுவதா வேண்டாமா என்பது தம்பதியின் விருப்பம், பருவநிலை அவர்கள் மனசைத்தான் மாற்றுகிறது.

உண்மை: அது உடம்பையும் தொடுகிறது. இதைத்தான் நாம் போதிய அளவு பேசவில்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் என்று வெயிலிலும் அனலிலும் வேலை செய்தவர்கள். கடும் வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கரு கலையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரியவந்தது. வங்கதேசத்தின் குல்னா கடலோரத்தில் குடிநீரில் உப்பு ஏற ஏற, கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தமும் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிள்ளை வேண்டும் என்று முடிவெடுத்தவளின் கையிலிருந்தே அந்த முடிவு பறிபோகிறது. 'அவள் உடம்பு அப்படி' என்று குடும்பம் அவளையே குறை சொல்லும்.

இந்த வெப்பத்திலும், வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வேலை பார்க்கும் பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். உலகம் புகையைக் குறைக்கும்வரை அவர்கள் காத்திருக்க முடியாது. சூளைக்காரர்களும் உப்பள முதலாளிகளும் கர்ப்பிணிகளுக்கு நிழல், குடிநீர், கழிப்பறை, கூலி பிடிக்காத ஓய்வு கொடுக்க வேண்டும். கொடுக்கிறார்களா என்று அரசு அடுத்த கோடைக்கு முன் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.