ஜெர்மனியில் மதிப்பெண்ணும் மாணவர் வாழ்வும்

ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்பை நாடும் நம் மாணவர் முதற்கண் அறியற்பாலது, ஆங்கு எண் குறையக் குறையச் சிறப்பு மிகும் என்பதே. 1.0 தலைசிறந்தது, 4.0 தேர்ச்சியின் கடையெல்லை, 5.0 தோல்வி. (மைந்தன் 1.3 பெற்றான் எனக் கேட்டு நம் வீட்டார் திகைத்தல் இயல்பே!)

நம் மதிப்பெண்ணை அவர்தம் அளவிற்கு மாற்றுதற்குத் 'திருத்திய பவேரிய வாய்பாடு' பெரிதும் வழங்குகின்றது. உச்ச எண்ணினின்று நாம் பெற்றதைக் கழித்து, மிச்சத்தை, உச்சத்திற்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள வேற்றுமையால் வகுத்து, வந்ததை 3-ஆற் பெருக்கி, 1 கூட்டுக. நூற்றுக்கு 70 பெற்றான் ஒருவனுக்குத் தேர்ச்சி எல்லை 40 ஆயின் விடை 2.5; 50 ஆயின் 2.8. பெற்ற எண் ஒன்றே. எல்லை வேறாகவே பயனும் வேறாயிற்று. 2.5-ஐக் கடந்தோரை ஏலாத படிப்புகளும் உளவாதலின், தேர்ச்சி எல்லையைத் தெளிவுறக் காட்டும் சான்றினைக் கல்லூரியிற் பெற்று உடனனுப்புதல் இன்றியமையாதது.

இனிக் காலக் கணக்கு. ஓராண்டுப் படிப்பு 60 கிரெடிட். கிரெடிட் ஒன்றுக்கு 25 முதல் 30 மணி உழைப்பு. ஆக ஆண்டிற்கு 1,500 முதல் 1,800 மணி. 2024 மார்ச்சில் வந்த விதிப்படி, ஐரோப்பிய ஒன்றியத்திற்குப் புறத்தேயுள்ள மாணவர் ஆண்டில் 140 முழுநாள் ஊதிய வேலை செய்ய இசைவுண்டு. ஆயினும் முதற் பருவத்தில் அதனை நாடாதிருத்தலே நன்றென்போம்.

பணமோ, 2024 செப்டம்பரில் வகுத்தபடி, ஓராண்டிற்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் முன்னரே இடல் வேண்டும். திங்களுக்கு 992 யூரோவே கைக்கு வரும். வீட்டுக்காரர் மூன்று மாத வாடகை வரை முன்பணம் கேட்கலாமாதலின், அதற்கெனத் தனித்தொகை கொண்டு செல்க.