குளிர் ஊரிலும் ஒயர் சூடாகும்: கொடைக்கானல் வீட்டு வயரிங்

கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பத்து டிகிரிக்கும் கீழே போகும். இந்த ஊரில் ஒரே பைப்பில் எத்தனை ஒயர் திணித்தால் என்ன என்று தோன்றலாம். ஆனால் அந்த இரவில்தான் எல்லா அறையிலும் ரூம் ஹீட்டர் ஓடும். விடிந்தால் எல்லாக் குளியலறையிலும் கீசர். சமவெளி வீடுகளைப் போல இங்கே லோடு பிரிந்து வராது. ஹோம்ஸ்டே கட்டுபவர்கள் இதை மனதில் வைத்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் சர்க்யூட்டுகளைத் தாளில் பிரித்து எழுதுங்கள். லைட், ஃபேன் சர்க்யூட் ஒன்றுக்குப் பத்து பாயிண்ட், 800 வாட் என்பது நம் நாட்டில் நெடுநாள் வழக்கத்தில் உள்ள வரம்பு. ஹீட்டருக்கும் கீசருக்கும் தனித்தனி சர்க்யூட், தனித்தனி எம்.சி.பி. 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். லைட் ஒயரையும் பவர் ஒயரையும் ஒரே பைப்பில் விடாதீர்கள். டி.வி., இன்டர்நெட் கேபிளுக்கும் வேறு பைப்தான்.

அடுத்தது பைப் கணக்கு. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். சுவரில் பதித்த பைப்பில் ஒரே சர்க்யூட் போனால், 2.5 ஸ்கொயர் எம்.எம். பி.வி.சி. செம்பு ஒயர் 30 டிகிரி சூழலில் 24 ஆம்பியர் தாங்கும். இரண்டு சர்க்யூட் சேர்ந்தால் அதை 0.8 ஆலும், மூன்று என்றால் 0.7 ஆலும், நான்கு என்றால் 0.65 ஆலும் பெருக்க வேண்டும். மூன்றுக்கு 16.8 ஆம்பியர் மிஞ்சும். 16 ஆம்பியர் எம்.சி.பி. பொருந்தும். அங்கே 20 ஆம்பியர் மாட்டினால், எம்.சி.பி. விழாமலே ஒயரின் உறை கெட்டுப்போகும். குளிருக்குச் சலுகை உண்டு என்பது உண்மைதான்: 20 டிகிரியில் 1.12 மடங்கு. ஆனால் ஹீட்டர் ஓடும் அறை குளிர்ந்த அறை அல்லவே! குளிர் புகாமல் பஞ்சு வைத்து மரப்பலகை அடித்த சுவருக்குள் பைப் போனால், அந்த 24 ஆம்பியரே 19.5 ஆகிவிடும். அந்தச் சலுகையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

ஒயர் இழுக்கும்போது ஒரு சர்க்யூட்டின் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் ஒரே பைப்பில் சேர்ந்தே போகட்டும். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் பக்கத்தில் இருந்தால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பழைய பங்களாக்களில் இரும்பு பைப் இருந்தால் இது இன்னும் முக்கியம். ஃபேஸ் ஒரு பைப்பிலும் நியூட்ரல் வேறு பைப்பிலும் போனால் பைப்பே சூடேறும். மாடிப்படி டூ-வே சுவிட்சுக்குக் கீழ்த்தளத்து ஃபேஸ், மேல்தளத்து நியூட்ரல் என்று கடன் வாங்குவதையும் அனுமதிக்காதீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. காரணம் புரியாமல் விழுந்துகொண்டே இருக்கும்.

காற்றிலும் மழையிலும் கரண்ட் போகும் மலையில் இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவு. அதன் நியூட்ரல் தனியாக இருக்கட்டும், ஒயருக்கும் வேறு நிறம் கொடுங்கள். மெயினை அணைத்த பிறகும் அந்த ஒயரில் மின்சாரம் இருக்கும். ஜங்ஷன் பாக்ஸில் கைவைக்கும் ஒயர்மேனின் உயிர் அந்த நிறத்தில் இருக்கிறது.

முடித்ததும், உரிமம் பெற்ற ஒயர்மேனை வைத்து, சாதனங்களைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகரில் சோதியுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. மூடுபனியில் சுவர் ஈரமாக இருக்கும் நாளில் இன்னொரு முறையும் பாருங்கள். பிறகு எல்லா ஹீட்டரையும் ஒரு மணி நேரம் சேர்த்து ஓடவிட்டு, சாக்கெட் முகப்பைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் உடனே மெயினை அணைத்துவிட்டு, முதலில் அங்குள்ள திருகுகளின் இறுக்கத்தையும், அடுத்து அந்தப் பைப்பில் எத்தனை சர்க்யூட் போகிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.