உரோமை நகரும் ஒன்றரை யூரோச் சீட்டும்

2025ஆம் ஆண்டு யூபிலி ஆண்டு. அவ்வாண்டு அக்டோபர் திங்களில் மாணவியர் நால்வர், பெற்றோர் மூவர், சிஸ்டர் ஒருவர், ஆக எண்மர் உரோமை நகருக்குச் சென்று வரும் பேறு பெற்றோம். கண்டவற்றை எல்லாம் எழுதப் புகுந்தால் இம்மலரின் பக்கங்கள் போதா. ஆகவே அந்நகரில் எப்படிச் சுற்றினோம், என்ன செலவாயிற்று, எங்கே தவறினோம் என்பதை மட்டும் கூறுகிறோம். இனிச் செல்லவிருக்கும் தோழியருக்கும், அவர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்பும் பெற்றோருக்கும் இது பயன்படலாம்.

புறப்படுமுன்பே பலரும் எங்களுக்குச் சொன்னது, "ரோமா பாஸ் வாங்கிவிடுங்கள், கவலை விட்டது" என்பதே. இந்தப் பாஸில் 48 மணி நேரத்துக்கு ஒன்று, 72 மணி நேரத்துக்கு ஒன்று என இரு வகை உண்டு. நகர பஸ், டிராம், சுரங்க ரயில் ஆகியவற்றில் விரும்பியபடி ஏறி இறங்கலாம். முதல் வகையில் ஓர் அருங்காட்சியகமும், இரண்டாம் வகையில் இரண்டும் இலவசம். மற்றவற்றில் கட்டணக் குறைப்பு. கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கில் என்றும் நூறு வாங்கும் தோழி ஒருத்தி எங்களுடன் இருந்தாள். அவள் தாளையும் பென்சிலையும் எடுத்துவிட்டாள்.

72 மணி நேரப் பாஸ் ஐம்பது யூரோவுக்கு மேல். சாதாரணப் பயணச்சீட்டோ ஒன்றரை யூரோ. அது 100 நிமிடங்களுக்குச் செல்லும். அதற்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம், சுரங்க ரயிலில் மட்டும் ஒருமுறைதான். நாளைக்கு நான்கு பயணம் என்றால் மூன்று நாளைக்குப் பன்னிரண்டு, 18 யூரோ. நாங்கள் கட்டணம் கொடுத்துப் பார்க்க எண்ணிய பெரிய இடம் கொலோசியம் ஒன்றே. பெரியவர்களுக்கு அதன் நுழைவு 18 யூரோ. ஆகப் பெரியவர் ஒருவருக்கு 36 யூரோ. எங்களுக்கு? இத்தாலிய அரசின் அருங்காட்சியகங்களிலும் பழங்காலச் சின்னங்களிலும் 18 வயது நிரம்பாதவர் எந்நாட்டவராயினும் நுழைவு இலவசம்! கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். மாணவி ஒருத்திக்குப் பயணச் செலவு 18 யூரோவோடு முடிந்தது. எண்மருக்கும் சேர்த்து 180 யூரோவுக்கு மேல் மிச்சம் என்று அவள் கூட்டிக் காட்டியபோது பெற்றோர் முகங்களைப் பார்க்க வேண்டுமே!

பாஸ் வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. கொலோசியத்தோடு காபிடோல் குன்றின் அருங்காட்சியகத்தையும் பார்த்து, நாளெல்லாம் பஸ்ஸில் ஏறி இறங்கும் பெரியவர்களுக்கு அது ஏற்றதுதான். ஆனால் வத்திக்கான் அருங்காட்சியகம் அதில் அடங்காது. கொலோசியத்துக்குப் பாஸ் இருந்தாலும் நாளையும் நேரத்தையும் முன்பதிவு செய்தாக வேண்டும். மேலும் பாஸின் நேரம் முதல் உபயோகத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். பிறகு, கொடுத்த காசுக்குப் பார்த்தாக வேண்டுமே என்று கால் நோவைப் பாராமல் ஓட வேண்டியதுதான்.

இவ்வளவு பழம்பெரும் தலைநகரில் சுரங்க ரயில் பாதைகள் மூன்றே. B பாதை 1955இலும், A பாதை 1980இலும், C பாதை 2014இலும் திறக்கப்பட்டன. ஏன் இத்தனை தாமதம்? தோண்டும் இடமெல்லாம் பண்டைய உரோமை எழுந்து நிற்கிறது. உடனே வேலையை நிறுத்தி ஆராய்ச்சியாளரை அழைக்க வேண்டும். இதைக் கண்ணால் காண விரும்புவோர் 2018இல் திறக்கப்பட்ட C பாதையின் சான் ஜொவான்னி நிலையத்தில் இறங்க வேண்டும். படியில் கீழே செல்லச் செல்ல, அந்த ஆழம் எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது எனச் சுவரில் குறித்திருக்கிறார்கள். தோண்டும்போது கிடைத்த பொருள்கள் கண்ணாடிப் பெட்டிகளில் உள்ளன. அங்கே முன்பு ஒரு பெரிய பண்ணை இருந்ததாம். அதன் பீச் பழக்கொட்டைகளைக்கூடப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒன்றரை யூரோச் சீட்டில் ஓர் அருங்காட்சியகம்! நாங்கள் திரும்பி வந்தபின் அவ்வாண்டு டிசம்பரில் கொலோசியத்தின் அருகிலும் C பாதைக்குப் புதிய நிலையம் திறந்தார்கள்.

நான்கு பெரும் பசிலிக்காக்களுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. புனித பேதுரு பேராலயத்துக்கு A பாதையில் ஒத்தாவியானோவில் இறங்கி நடந்தோம். 2022ஆம் ஆண்டு மே 15 அன்று நம் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்ட அச்சதுக்கத்தில் சற்று நேரம் பேசாமல் நின்றோம். இலாத்தரனுக்கு மேற்சொன்ன சான் ஜொவான்னி நிலையம். புனித பவுல் பசிலிக்காவுக்கு B பாதை. மரியா மஜோரே பசிலிக்கா டெர்மினி நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். திருத்தந்தை பிரான்சிஸின் கல்லறை அங்கேதான். கல்லில் பெயர் ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை.

இனி எங்கள் தவறு. பஸ்ஸில் நடத்துநர் கிடையாது. பத்திரிகைக் கடையிலோ புகையிலைக் கடையிலோ சீட்டு வாங்கி, பஸ்ஸில் ஏறியதும் அங்குள்ள மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரையிட வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். டெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் செல்லும் 64ஆம் எண் பஸ்ஸில் பிக்பாக்கெட்காரர் மிகுதி என்று கேள்விப்பட்டிருந்ததால், ஒரு தோழியின் அம்மா கைப்பையை இறுகப் பிடித்திருந்தார். அந்தக் கவனத்தில் முத்திரையிட மறந்துவிட்டார். அன்று பரிசோதகர் ஏறினார்.

"சிஸ்டர், நமக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது என்று சொல்லிவிடலாமே" என்று எங்களில் ஒருத்தி மெல்லக் கேட்டாள்.

"தெரியாதா? நேற்று எல்லோருக்கும் முத்திரையிடக் கற்றுக் கொடுத்ததே நீதானே, அம்மா?" என்றார் சிஸ்டர்.

தோழியின் அம்மா ஒன்றும் சொல்லாமல் பையைத் திறந்தார். அபராதம் ஐம்பது யூரோவுக்கு மேல்; ஏறக்குறைய ஒரு பாஸின் விலை. கணக்குப் போட்ட தோழி அன்று மாலை வரை வாய் திறக்கவில்லை.

கடைசி நாள் நவோனா சதுக்கத்தின் அருகே பஸ்ஸிலிருந்து இறங்கி, பிரெஞ்சுக்காரரின் புனித லூயி ஆலயத்துக்குள் சென்றோம். 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் கரவாஜியோ தீட்டிய மூன்று மத்தேயு ஓவியங்கள் அங்கே ஒரு சிற்றாலயத்தில் உள்ளன. இதற்கும் கட்டணம் இல்லை. ஆனால் இருட்டு. சுவரருகே ஒரு பெட்டி. அதில் நாணயம் போட்டால் சிறிது நேரம் விளக்கு எரிகிறது. அபராதம் கட்டிய அம்மாதான் முதல் நாணயத்தைப் போட்டார். வரி வசூலிக்கும் மத்தேயு மேசையில் காசு எண்ணிக்கொண்டிருக்கிறார். வலப்புறத்திலிருந்து இயேசு கை நீட்டுகிறார். மேசையோரம் இருக்கும் இளைஞன் ஒருவன் தலை நிமிராமல் எண்ணிக்கொண்டே இருக்கிறான். அவன் முகத்தைப் பார்க்கலாம் என்று நெருங்கியபோது விளக்கு அணைந்துவிட்டது. எண்மரும் பைகளில் சில்லறை தேடினோம்.